கூட்டுக் கலைக்களஞ்சியமும் புதிய தொகுப்பாளரும்

1. தோற்றுவாய்

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி நெடிய வரலாறு உடையது. நிகண்டுகளை ஒருபுறம் நிறுத்தி, அகர வரிசையில் பொருள் விளக்கும் நூல்களை மட்டும் நோக்கினும், யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902ஆம் ஆண்டிலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இம்மூன்றும் அளவாலும் அமைப்பாலும் வேறுபடுவன. எனினும் ஒரு கூற்றில் அவை தம்முள் ஒத்தன. அவற்றில் தொகுப்போர் ஒரு சாரார். படிப்போர் மற்றொரு சாரார். படிப்போன் ஒருவன் பிழை காணின், ஆசிரியர்க்குக் கடிதம் எழுதி அடுத்த பதிப்பை எதிர்நோக்கியிருத்தலன்றி வேறு செய்யத்தக்கது இல்லை.

2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா இவ்வேறுபாட்டைப் போக்கியது. படிப்போன் எவனும் அப்பொழுதே தொகுப்போன் ஆகலாம் என்பதே அதன் அடிப்படை. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தோன்றியது. யாழ்ப்பாணத்தவராகிய இ. மயூரநாதன் அவ்வாண்டின் இறுதி தொட்டு அதனை வளர்த்த முன்னோடி ஆவர். பின்னர்த் தமிழகத்தினும் இலங்கையினும் பிற நாடுகளினும் வாழும் தமிழர் பலர் ஊதியம் கருதாது எழுத, 2017ஆம் ஆண்டில் அது நூறாயிரம் கட்டுரைகளைக் கடந்தது.

இத்தகைய கலைக்களஞ்சியத்துக்கு முன்னையோர் அறியாத ஒரு கடமை உண்டு. எழுதத் தெரியாத ஒருவனை எழுதுவோனாக ஆக்கும் கடமையே அது. அக்கடமையை ஆற்றுதற்பொருட்டு வழிகாட்டிப் பக்கங்கள், வரவேற்புரைகள், எச்சரிக்கைகள், விடையுரைகள் எனப் பெருந்தொகையான உரைநடை எழுந்துள்ளது. அக்களஞ்சியத்தின் கட்டுரைகளைக் குறைகூறுவோரும் பாராட்டுவோரும் பலர். இக்கற்பித்தல் உரைநடையை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு ஆராய்ந்தோர் அரியர். அதன் தன்மையையும் குறைகளையும் தமிழ் மரபின் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. அரங்கேற்றம் இடம் மாறியமை

விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியாக அமைந்தது நுபீடியா. ஜிம்மி வேல்சு தொடங்க, லாரி சாங்கர் முதன்மை ஆசிரியராக இருந்த அம்முயற்சி 2000ஆம் ஆண்டில் தோன்றியது. அறிஞரே எழுதல் வேண்டும். ஒவ்வொரு கட்டுரையும் ஏழு படிகளில் ஆராயப்பெற்ற பின்னரே வெளிவரல் வேண்டும் என்பது அதன் விதி. விதி சிறந்ததே, விளைவு சிறக்கவில்லை. 2003ஆம் ஆண்டில் அது முடிவுற்றபோது, எல்லாப் படிகளையும் கடந்து நிறைவெய்திய கட்டுரைகள் மிகச் சிலவே. அதற்குத் துணையாகத் தொடங்கப்பெற்ற விக்கிப்பீடியா முறையை மாற்றியது. ஆராய்ந்து வெளியிடுவதற்கு மாறாக, வெளியிட்டபின் ஆராய்வது அதன் முறை. வார்டு கன்னிங்காம் 1995ஆம் ஆண்டில் படைத்த விக்கி என்னும் மென்பொருள் வகை இதற்கு இடந்தந்தது. விக்கி என்பது விரைவு என்று பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லாகும்.

இம்மாற்றத்தின் ஆழம் தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும். நம் மரபில் நூல் முதலில் இயற்றப்பெறும், அவையில் அரங்கேறும், பின்னரே உலகில் வழங்கும். அவையோர் வினவும் வினாக்கள் நூல் பரவுமுன் எழுவன. கூட்டுக் கலைக்களஞ்சியத்திலோ நூல் பரவிய பின்னரே அவை கூடுகின்றது. புதியவன் ஒருவன் தன் முதல் தொடரை எழுதி வெளியிட்ட நொடியிலேயே உலகத்தார் அதனைக் காண்கின்றனர். பழைய தொகுப்பாளர் அண்மைய மாற்றங்கள் என்னும் பக்கத்தில் அதனைக் கண்டு திருத்துகின்றனர், அல்லது நீக்குகின்றனர். ஆகவே, அவனுக்குப் பயிற்சியும் அரங்கேற்றமும் ஒரே பொழுதில் நிகழ்வனவாகின்றன. பள்ளி மாணவன் ஏட்டில் எழுதிய பிழையை ஆசிரியர் ஒருவரே காண்பர். இவன் பிழையை ஊரறியும். அன்றியும் அது வரலாறு என்னும் பக்கத்தில் நாளும் நேரமும் குறிக்கப்பெற்று நிலைத்து நிற்கும். புதியவர்க்குக் கற்பித்தல் ஈண்டுத் தனி அருமைப்பாடு உடைத்தாதல் இதனாற் பெறப்படும்.

3. பொதுப்பாயிரமும் வழிகாட்டிப் பக்கங்களும்

கற்பித்தல் பற்றித் தமிழில் முறைப்பட உரைத்த நூல்களுள் பவணந்தியாரின் நன்னூல் தலையாயது. நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணாக்கன் இயல்பு, கற்கும் முறை என ஐந்தனைப் பொதுப்பாயிரம் கூறும். இவ்வைந்தனையும் அளவுகோலாகக் கொண்டு விக்கிப்பீடியாவின் வழிகாட்டிப் பக்கங்களை அளந்து பார்த்தல் பயன் தரும்.

நூலின் இயல்பு பற்றி அக்களஞ்சியம் விரிவாகவே பேசுகின்றது. நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை, சொந்த ஆய்வு இன்மை என்னும் மூன்றும் அதன் உள்ளடக்கக் கொள்கைகள். ஒரு பொருள் பற்றி அறிஞரிடை மாறுபாடு இருப்பின் அனைத்தையும் அவற்றின் தகுதிக்கேற்ப உரைத்தல் முதற் கொள்கை. எழுதிய செய்தியை வெளிவந்த நம்பகமான சான்றுகொண்டு படிப்போன் சரிபார்க்க இயலவேண்டும் என்பது இரண்டாவது. எழுதுவோன் தானே கண்ட புது முடிபை ஈண்டு முதன்முதலாக வெளியிடலாகாது என்பது மூன்றாவது. இவற்றின் விளக்கங்கள் பல பக்கங்கள் நீளும்.

மாணாக்கன் இயல்பும் அங்ஙனமே விரித்துரைக்கப்பெறுகின்றது. அவன் செய்யத்தக்கனவும் தகாதனவும் பட்டியலாக உள்ளன. ஆயின் ஆசிரியன் இயல்பும் கற்பிக்கும் முறையும் அவ்வளவு இடம் பெறவில்லை. புதியவரைக் கடிந்து விரட்டலாகாது என்றும், பிறர் செயலை நன்னோக்குடையதாகவே முதலில் கொள்ளல் வேண்டும் என்றும் கூறும் பக்கங்கள் உள, அவை போற்றத்தக்கன. எனினும் அவை ஆசிரியன் செய்யலாகாதவற்றைக் கூறும் அளவுக்குச் செய்யவேண்டியவற்றைக் கூறவில்லை. எதனை முதலில் கற்பிப்பது, எதனைப் பின்னர்க் கற்பிப்பது, கற்போன் எவ்வளவு கொள்ளவல்லன் என எங்ஙனம் அறிவது என்னும் வினாக்களுக்கு விடை குறைவு. மாணாக்கனது கொள்ளும் ஆற்றலை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு உரைத்தல் வேண்டும் என நன்னூல் வற்புறுத்தும் பகுதியே ஈண்டுக் குறைபடுகின்றது.

கற்கும் முறை பற்றி நன்னூலார் கூறும் ஒரு கணக்கு மிகவும் கருதத்தக்கது. ஆசிரியன் உரைத்ததை முற்றக் கேட்டானாயினும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுதலால் பிறிதொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் நிரம்பும் என்பது அவர் கருத்து. கூட்டுக் கலைக்களஞ்சியத்துக்கு இதனினும் பொருந்திய கல்விக் கொள்கை காண்டல் அரிது. வழிகாட்டிப் பக்கங்கள் எவ்வளவு திருந்த எழுதப்பெற்றாலும் காற்பங்குக்கு மேல் கற்பிக்கமாட்டா. அவற்றை மேலும் மேலும் நீட்டித்து எல்லாவற்றையும் அவற்றாலேயே கற்பித்துவிடலாம் என்று கருதுதல், ஒரு காலால் நான்கு கால்களின் சுமையையும் தாங்க முயல்வதாகும். உடன்தொகுப்போரது உரையாடலும், கற்றவன் அடுத்து வருவோனுக்குக் கற்பித்தலுமே எஞ்சிய முக்காற் பங்கினைத் தருவன.

4. பெயர்களின் நயமும் உரையின் வன்மையும்

தமிழ் விக்கிப்பீடியர் புதியவர்க்கென அமைத்த இடங்களுக்கு இட்ட பெயர்கள் தனியே பாராட்டத்தக்கன. பொதுவாகக் கூடிப் பேசும் பக்கம் ஆலமரத்தடி எனப்படும். ஆங்கிலத்தில் ஊர்க் குழாயடியைக் குறிக்கும் பெயருடையதாக விளங்கும் அப்பக்கத்தைத் தமிழர் மரத்தடியாக மாற்றிக்கொண்டமை, சொல்லை மொழிபெயர்க்காது கருத்தை மொழிபெயர்த்தமைக்கு நல்ல சான்று. உதவி கேட்கும் இடம் ஒத்தாசைப் பக்கம் எனப்படும். எழுதிப் பழகும் இடம் மணல்தொட்டி. திண்ணைப் பள்ளியில் மணலில் விரல்கொண்டு எழுதிப் பழகிய நாட்டினர்க்கு இப்பெயர் உரிய பொருளை உடனே உணர்த்தும். ஆங்கிலச் சொல் சிறுவர் விளையாடும் மணலைக் குறிக்கத் தமிழ்ச் சொல் எழுத்துப் பயிலும் மணலை நினைவூட்டுதல் எதிர்பாராது வாய்த்த நயம் என்க. புதிதாகப் பதிவு செய்தோரை வாருங்கள் என விளித்து வரவேற்றலும் நம் பண்பாட்டுக்கு ஒத்ததே.

இப்பெயர்களிற் காணப்பெறும் இனிமை அவ்விடங்களில் எழுதப்பெறும் உரையில் எப்போதும் காணப்பெறுவதில்லை. வழிகாட்டிப் பக்கங்கள் பல ஆங்கிலப் பக்கங்களின் வழிவந்தன. அதனால் ஆங்கில அலுவலக உரைநடையின் சாயல் அவற்றில் படிந்துள்ளது. குறிப்பாகச் செயப்பாட்டு வினையின் மிகுதியைச் சுட்டலாம். நீக்கப்பட்டது, மீட்கப்பட்டது, தடைசெய்யப்படும், கருதப்படும் என்னும் முற்றுகளில் செய்தவன் யாவன் என்பது மறைந்து நிற்கின்றது. தீர்ப்பு உண்டு, தீர்ப்பு வழங்கினோன் இலன். புதியவன் எவரிடம் சென்று வினவுவது? எழுவாய் இல்லாத தொடர் அவனுக்கு வாயில் இல்லாத மதிலாகின்றது. தமிழ் உரைநடையில் செயப்பாட்டு வினை குறைவாகவே வழங்கும் இயல்பினது. செய்வினையில் எழுதுதல் இலக்கணத்தோடு பொருந்துதலேயன்றிக் கற்பித்தலுக்கும் துணையாகும்.

எடுத்துக்காட்டாக இருவகை விடையுரைகளை அமைத்துக் காண்போம். சான்றின்மையால் உங்கள் தொகுப்பு நீக்கப்பட்டது. விதிகளைப் படிக்கவும் என்பது ஒன்று. நீங்கள் சேர்த்த ஆண்டுக் கணிப்பைக் கண்டேன். அஃது எந்நூலில் எப்பக்கத்தில் உள்ளது என அறியாமையால் இப்போதைக்கு எடுத்து வைத்துள்ளேன். நூற்பெயரைக் குறித்தால் மீண்டும் சேர்க்கலாம். குறிக்கும் முறையில் ஐயம் இருப்பின் இங்கேயே கேளுங்கள் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே விதியை நிறுவுகின்றன. விதியின் கண்டிப்பு இரண்டாவதனுள் சிறிதும் தளரவில்லை. ஆயின் முன்னது கதவை அடைக்கின்றது. பின்னது அடுத்த படியைக் காட்டுகின்றது. நீளம் மிகுதல் உண்மையே. அந்நீளமே ஆசிரியனது உழைப்பு.

இவ்வேறுபாடு சுவை பற்றியதன்று. களஞ்சியத்தின் வாழ்வு பற்றியது. 2013ஆம் ஆண்டில் ஆரன் ஹாஃபேக்கரும் அவர்தம் உடனாய்வாளர் மூவரும் ஆங்கில விக்கிப்பீடியா பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆங்கே ஊக்கத்தோடு தொகுப்போரின் தொகை 2007ஆம் ஆண்டு வரை ஏறிப் பின்னர் இறங்கியமைக்குக் காரணம் தேடிய அவர்கள், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் எழுத்தும் மிகுதியாக நீக்கப்பெற்றமையே அவர்கள் தங்காமைக்குப் பெருங்காரணம் எனக் கண்டனர். அழிப்போரைத் தடுத்தற்கென அமைத்த அரைத்தானியங்கிக் கருவிகள், அறியாது பிழை செய்தோரையும் அவ்வாறே நடத்தின. 2012ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் தேநீர் மனை என்னும் பொருள்படும் பெயரால் புதியோர் வினவும் இடம் ஒன்று அமைந்ததும், 2018ஆம் ஆண்டு முதல் விக்கிமீடியா நிறுவனத்தின் குழுவொன்று புதியவர்க்கென முகப்புப் பக்கமும், எளிமை அரிமை நோக்கி வகுத்த பணிகளும், வழிகாட்டி ஒருவரும் கிடைக்குமாறு செய்யத் தொடங்கியதும் இக்குறையை நீக்கும் முயற்சிகளாகும். வழிகாட்டி ஒருவரின் பெயர் புதியவன் கண்முன் நிற்றல், எழுவாயைத் தொடருக்கு மீட்டுத் தருவதேயாம்.

5. ஆராய்ச்சி மாணவரின் இடர்ப்பாடு

புதியவர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். எழுத்துப் பயிற்சி இல்லாதோர்க்கு வரும் இடர் வேறு. பயிற்சி மிக்கோர்க்கு வரும் இடர் வேறு. தமிழ் ஆராய்ச்சி மாணவர் இக்களஞ்சியத்துள் புகும்போது எதிர்ப்படும் தடை அவர்தம் கல்வியிலிருந்தே எழுகின்றது. பல்கலைக்கழகம் அவர்க்குப் புதுவது காணுமாறு கற்பிக்கின்றது. களஞ்சியமோ புதுவது கூறலாகாது என்கின்றது. பல்கலைக்கழகம் ஒரு முடிபை நிறுவுக என்கின்றது. களஞ்சியம் முடிபுகளைப் பதிவு செய்க என்கின்றது.

சிலப்பதிகாரத்தின் காலத்தைக் காண்க. வி. கனகசபைப் பிள்ளை 1904ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில், இலங்கை வேந்தன் கயவாகுவோடு செங்குட்டுவன் ஒருகாலத்தவன் என்னும் இயைபைக் கொண்டு கி.பி. இரண்டாம் நூற்றாண்டைக் குறித்தார். ச. வையாபுரிப் பிள்ளை மொழியும் யாப்பும் பிற சான்றுகளும் கொண்டு நூலைப் பல நூற்றாண்டுகள் பின்தள்ளினார். ஆய்வு மாணவர் ஒருவர் இவற்றுள் ஒன்றனைத் துணிந்து, மற்றதனை நீக்கிவிட்டு, இதுவே தெளிவு என எழுதுவாராயின், ஆய்வேட்டில் அது துணிவு எனப் பாராட்டப்பெறலாம். களஞ்சியத்தில் அது நடுநிலை பிறழ்தலாகும். தாமே மூன்றாவதாக ஒரு காலத்தைக் கணித்து எழுதுவாராயின் அது சொந்த ஆய்வாகும். அவர் செய்யத்தக்கது யாது? இன்னார் இன்ன காரணத்தால் இன்ன காலம் என்பர். இன்னார் இன்ன காரணத்தால் மறுப்பர் எனப் பெயரும் நூலும் பக்கமும் சுட்டி உரைத்தலே.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று என்பதனைக் கற்பிப்போர் எடுத்துக்காட்டல் வேண்டும். நம் உரையாசிரியர்கள் தம் கொள்கையைக் கூறுமுன்னரோ கூறிய பின்னரோ, இவ்வாறு உரைப்பாரும் உளர், இவ்வாறு பாடம் கொள்வாரும் உளர் எனப் பிறர் கருத்தைப் பதிவு செய்யும் வழக்கம் உடையர். பரிமேலழகர் உரையில் இதனைப் பலவிடத்தும் காணலாம். வேறுபாடு ஒன்றே. உரையாசிரியர் பிறர் கருத்தைக் கூறியபின் பெரும்பாலும் அதனை மறுப்பர். அவர்தம் பெயரையும் பெரும்பாலும் கூறார். களஞ்சியத் தொகுப்பாளன் மறுப்பதும் இல்லை. பெயரைக் கூறாது விடுவதும் இல்லை. உளர் என்று நிறுத்தாமல் அவர் யாவர் எனக் கூறுதல் அவன் கடமை. நடுநிலை நோக்கு என்னும் கொள்கையைப் பிறநாட்டு எடுத்துக்காட்டுகளால் பல பக்கம் விளக்குவதினும், உரைமரபினின்று இங்ஙனம் தொடங்கின் தமிழ் மாணவர் விரைவில் உணர்வர்.

நூற்குற்றம் பத்து எனக் கூறும் மரபும் இங்ஙனமே துணையாகும். ஒருவரது வாழ்க்கைக் குறிப்பைப் புகழ்மாலையாக எழுதும் புதியவனுக்கு மிகைபடக் கூறல் இன்னதெனக் காட்டலாம். ஊரைப் பற்றிய கட்டுரையில் அவ்வூர்க் கோயிலின் தலபுராணத்தை முழுதும் எழுதுவோனுக்கு மற்றொன்று விரித்தலைச் சுட்டலாம். தெரிந்த பெயரால் குற்றத்தைச் சுட்டும்போது அது வேற்று விதியாகத் தோன்றாது; தான் கற்ற இலக்கணமாகவே தோன்றும்.

6. வழக்கு வேறுபாடும் உரையாடலும்

தமிழ்க் களஞ்சியத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. தமிழகத்தார் இயற்பியல் என்பதனை இலங்கையர் பௌதிகவியல் என வழங்குவர். வேதியியல் என்பது ஆங்கு இரசாயனவியல் எனப்பெறும். பிறநாட்டுப் பெயர்களை எழுதுதலிலும் இரு நாட்டு வழக்குகள் வேறுபடுவன. ஸ்காட்லாந்து என ஒருவர் எழுத, ஸ்கொட்லாந்து என மற்றொருவர் எழுதுவர். ஆங்கில ஒலியை இரு நாட்டினரும் தனித்தனி மரபில் கேட்டு எழுதியமையே இதற்குக் காரணம். புதியவன் தன் நாட்டில் வழங்காத வடிவைக் காணின், அதனைப் பிழையெனக் கருதித் திருத்துதல் இயல்பு. அவன் நோக்கம் நன்று. செயல் பிறிதொரு சாராரின் வழக்கை அழிப்பதாகின்றது. திருத்தியதை மற்றவர் மாற்ற, அவன் மீண்டும் திருத்த, பூசல் எழும்.

இவ்விடத்து விதியைச் சுட்டிப் போதல் எளிது. ஆயின் கற்பிப்பவர் பேச்சுப் பக்கத்தைக் கற்பித்தற்கு இதனினும் சிறந்த வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னே பேச்சுப் பக்கம் ஒன்று உண்டு. அதில் காரணம் கூறி வினவுதல் வேண்டும். இறுதியில் நான்கு அலைக்குறிகளை இடின் எழுதியவர் பெயரும் நாளும் தாமே தோன்றும். பிறர் விடை வருமளவும் பொறுத்திருத்தல் வேண்டும். ஒரு வடிவைக் கட்டுரையின் தலைப்பாகக் கொண்டு, மற்ற வடிவினைத் தேடி வருவோரும் அங்கேயே சேருமாறு வழிமாற்று அமைக்கலாம். கட்டுரையின் தொடக்கத்தில் இரு வழக்கையும் குறிக்கலாம். இவ்வொரு நிகழ்ச்சியால் புதியவன் கருவியையும் பண்பையும் ஒருங்கே கற்கின்றான். தமிழ் ஒரு நாட்டெல்லைக்குள் அடங்குவதன்று என்னும் அறிவையும் உடன் பெறுகின்றான்.

7. கற்பிக்கும் முறைவைப்பு

மேற்கூறியவற்றால், புதியவர்க்குக் கற்பித்தலில் முறைவைப்பே முதன்மையானது என்பது புலனாகும். பலர் புதியவனை முதலிலேயே புதுக்கட்டுரை எழுதத் தூண்டுகின்றனர். அது நீச்சல் அறியாதானை ஆற்றின் நடுவிடத்து இறக்குவது போலாகும். புதுக்கட்டுரைக்குத் தலைப்பின் தகுதி, சான்று, நடை, பகுப்பு, பதிப்புரிமை ஆகிய அனைத்தும் ஒருசேர வேண்டப்பெறும். பின்வரும் முறை தக்கதெனத் தோன்றுகின்றது.

முதலாவது, இருக்கும் கட்டுரையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தச் செய்தல் வேண்டும். தொகு என்னும் இணைப்பை அழுத்தி, ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்து, செய்த மாற்றம் இன்னதெனச் சுருக்கமாகக் குறித்து வெளியிடுதற்குச் சில நொடிகளே போதும். தான் எழுதியது உலகப் பொதுநூலில் நிலைபெற்றமையைக் காணும் மகிழ்ச்சி, பின்வரும் கடுமைகளைத் தாங்கும் ஊக்கத்தைத் தரும்.

இரண்டாவது, வரலாற்றுப் பக்கத்தைக் காட்டுதல் வேண்டும். எவர் எந்நாளில் எதனை மாற்றினார் என்பதும், எம்மாற்றத்தையும் முன்னைய நிலைக்கு மீட்கலாம் என்பதும் அங்கே விளங்கும். தன் பிழையால் நூல் அழிந்துவிடாது என அறிந்தவனே அஞ்சாது கற்பான். தன் எழுத்து நீக்கப்பெற்ற போதும் அது முற்றும் மறைந்திலது என்பதனை அவன் அப்பக்கத்தாலேயே உணர்வான்.

மூன்றாவது, சான்று சேர்த்தல். ஒரு கட்டுரையில் சான்று இல்லாத தொடர் ஒன்றைத் தெரிந்து, நூலகத்துச் சென்று, உரிய நூலைக் கண்டு, ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை அத்தொடரின் பின் குறிக்கச் செய்தல் வேண்டும். தமிழ் மாணவர்க்கு இது கைவந்த பணி; களஞ்சியத்துக்கோ பெரிதும் வேண்டிய பணி.

நான்காவது, பதிப்புரிமை. நூலிலுள்ள பத்தியை அப்படியே எடுத்தெழுதி நூற்பெயரைக் குறித்துவிட்டால் போதும் எனப் புதியவர் பலர் கருதுவர். சான்று காட்டல் வேறு. படியெடுக்கும் உரிமை வேறு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டின் பின்னர் அறுபது ஆண்டுகள் வரை அவர்தம் எழுத்துக்கு உரிமை உண்டு. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்களை எடுத்தாளத் தடையில்லை எனினும், அவற்றின் மூலபாடம் இருத்தற்குரிய இடம் விக்கிமூலமேயன்றிக் கலைக்களஞ்சியம் அன்று. இவ்வேறுபாடுகளைப் பொறுமையோடு விளக்கினால், தான் கள்வனாகக் கருதப்பெற்றான் என்னும் மனப்புண் புதியவனுக்கு உண்டாகாது.

ஐந்தாவதே புதுக்கட்டுரை. அதனையும் முதலில் மணல்தொட்டியில் எழுதி, மற்றொருவர் கண்டபின் கட்டுரைவெளிக்குக் கொணர்தல் நன்று. ஆறாவது, பிறர்க்குக் கற்பித்தல். பத்துத் திருத்தம் செய்தவன், ஒரு திருத்தமும் செய்யாதவனுக்கு ஆசிரியன் ஆகலாம். நன்னூலார் கூறிய அரைப்பங்கு இவ்விடத்தேதான் நிரம்பும்.

8. ஐயமும் விடையும்

இதற்கு மறுப்புகள் எழலாம். தன்விருப்பால் உழைக்கும் தொகுப்பாளர் சிலரே. வருவோர் ஒவ்வொருவர்க்கும் இங்ஙனம் விடை எழுதப் பொழுது ஏது என வினவலாம். வினா தக்கதே. ஆயினும் ஆசிரியர் குறைவு என்பதே மாணாக்கரை ஆசிரியர் ஆக்குதற்குரிய காரணம். ஒரு புதியவனுக்குச் செலவிடும் ஒரு நாழிகை, அவன் தங்குவானாயின், பன்மடங்காகத் திரும்பி வரும்; தங்கானாயின் இழப்பு ஒரு நாழிகையே.

பரிவு காட்டின் தரம் குன்றும் எனவும் கூறலாம். இதற்கும் விடை உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகுள் நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்துச் சேர்ப்பித்தது. தமிழ்த் தொகுப்பாளர் அவற்றின் தொடரமைப்பிலும் தலைப்புத் தேர்விலும் குறை கண்டு ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு போலந்து நாட்டு கிடான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் தம் மதிப்பீட்டை எடுத்துரைத்தனர். எழுதுவோரும் திருத்துவோரும் உரையாடாத இடத்து நீண்ட கட்டுரைகளும் நல்ல கட்டுரைகள் ஆகா என்பது அந்நிகழ்ச்சியால் விளங்கிற்று. இன்று பொறியே தமிழில் கட்டுரை எழுதித் தருகின்றது. இல்லாத நூல்களையும் சான்றாகக் காட்டுகின்றது. அவ்வெழுத்தை எடுத்து வரும் புதியவனிடம், இச்சான்று நூலை நீங்கள் கண்டீர்களா என ஒருவர் வினவுதலே தரத்தைக் காக்கும் முதற் காவல். அவ்வினாவைப் பகைமையின்றி வினவுதற்குரிய உரைநடையே நாம் வேண்டுவது.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கு இதில் பங்கு உண்டு. 2010ஆம் ஆண்டு கோவையில் நிகழ்ந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியரும் இணைந்து கல்லூரி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்தினர். அத்தகைய போட்டிகள் பலரை உள்ளே அழைக்கும். எனினும் பரிசு பெற்றபின் எத்துணையர் தங்கினர் என்பதே அவற்றின் உண்மை அளவு. துறைகள் மாணவர்க்குப் பயிற்சியாக இதனை அமைப்பின், கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் வழங்கலாகாது. எண்ணிக்கை நோக்கி எழுதிய கட்டுரைகள் பிறர்க்குச் சுமையாகும். மாணவன் சேர்த்த சான்றுகள் எத்தகையன, பேச்சுப் பக்கத்தில் மாற்றுக் கருத்தை எங்ஙனம் எதிர்கொண்டான், பின்வந்த ஒருவனுக்கு எதனைக் கற்பித்தான் என்பனவே அளக்கத்தக்கன.

9. முடிபு

கூட்டுக் கலைக்களஞ்சியத்தின் கற்பித்தல் உரைநடை நூலின் இயல்பை நன்கு உரைக்கின்றது. ஆசிரியன் இயல்பைக் குறைவாகவே உரைக்கின்றது. அதன் பெயர்கள் தமிழ் மண்ணிற் பிறந்தன. தொடர்கள் பல அம்மண்ணில் இன்னும் வேரூன்றவில்லை. செய்தவனை மறைக்கும் வினைகளை விடுத்து முன்னிலையில் பேசும் விடைகளை எழுதுதலும், உரைமரபும் நன்னூலும் தரும் எடுத்துக்காட்டுகளால் கொள்கைகளை விளக்குதலும், சிறு திருத்தம் முதல் பிறர்க்குக் கற்பித்தல் ஈறாகப் படிமுறை அமைத்தலும் இக்குறையை நீக்கும் வழிகளாம். வழிகாட்டிப் பக்கங்களை அங்ஙனம் திருத்தி எழுதுதல் தமிழ் பயின்றோர் செய்தற்குரிய பணி. அப்பக்கங்களிலும் தொகு என்னும் இணைப்பு உண்டு.